ஆடியவர் பெயர் பாபி ஃபாரெல்

1978-ல் மேற்கு ஜெர்மனியிலிருந்து ஒரு பாட்டு வந்தது. ரஷ்யாவில் முன்னொரு காலத்தில் ஒரு முரட்டு ஆள் இருந்தான், கண்ணில் நெருப்பு, வாயில் வேதம், பெண்களுக்கெல்லாம் அவன்மேல் மயக்கம். அரசியும் அவன் பிடியில். பெரிய இடத்து ஆட்கள் சிலர் அவனை விருந்துக்குக் கூப்பிட்டு ஒயினில் விஷத்தைக் கலந்து கொடுக்கிறார்கள். குடித்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறேன் என்கிறான். விடாமல் சுட்டுக் கொல்கிறார்கள். கதை அவ்வளவுதான். ஒரு மனிதனை விஷம் வைத்து, சுட்டுச் சாய்க்கிற இந்தக் கதைக்குத்தான் உலகம் இத்தனை காலமாகக் கைதட்டி ஆடிக்கொண்டிருக்கிறது.

போனி எம் குழுவின் ‘ராஸ்புடின்’ பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு இடத்தில் நின்றுவிடுகிறார்கள். பாட்டில் இருப்பது சரித்திரம் இல்லை என்பது ஒன்று. மேடையில் ஆடிய அந்த ஆண் அதில் பாடவே இல்லை என்பது இன்னொன்று. இரண்டும் உண்மை. ஆனால் இரண்டையும் குற்றப்பத்திரிகை மாதிரி வாசித்துவிட்டு நகர்ந்துவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. குறிப்பாக இரண்டாவதில். பின்னணிப் பாடகர்களின் குரலோடு வளர்ந்த நமக்கு அந்த ஆடிய மனிதரைப் புரிந்துகொள்வது ஐரோப்பியர்களைவிடச் சுலபம். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

நான் பாளையங்கோட்டையில் படித்த காலத்தில் ரெக்கார்டிங் கடைகள் இருந்தன. வெற்றுக் கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டு வந்தால் இரண்டு மூன்று நாளில் பதிந்து வைத்திருப்பார்கள். பட்டியல் முடிந்தும் நாடாவில் இடம் மிச்சமிருந்தால் கடைக்கார அண்ணன் தன் இஷ்டத்துக்கு எதையாவது போட்டு நிரப்புவார். இளையராஜா பாட்டுகளின் வாலில் அப்படித்தான் வந்து ஒட்டிக்கொண்டது இந்தப் பாட்டு. அட்டையில் ஊதா மையில், சரிந்த எழுத்தில், ‘போனியம் – ரஷ்யா பாட்டு’ என்று எழுதியிருந்தார். “அண்ணே, இது யாரு கேட்டது?” என்றேன். “ஒரு வாட்டி கேளு தம்பி, காலு சும்மா நிக்காது” என்றார். வீட்டில் போட்டபோது ஆங்கிலம் பாதிதான் பிடிபட்டது. ஆனால் ஒரு கதை நடக்கிறது, யாரோ சாகப்போகிறார்கள் என்பது மட்டும் சொல்லாமலே புரிந்தது. கால் நிற்கவில்லை என்பதும் உண்மைதான்.

பாட்டை உருவாக்கியவர் ஃபிராங்க் ஃபாரியன். 1941-ல் ஜெர்மனியில் கிர்ன் என்ற சிற்றூரில் பிறந்தவர், இயற்பெயர் ஃபிரான்ஸ் ராய்ட்டர். சமையல் தொழில் கற்றவர். பாடகராக வர வேண்டும் என்ற ஆசையில் சுற்றிக்கொண்டிருந்தவர் 1975-ல் ‘பேபி டூ யூ வான்னா பம்ப்’ என்று ஒரு நடனப் பாட்டை வெளியிட்டார். அடிக்குரலும் அவரே, பெண் குரல் மாதிரி ஒலிக்கும் உச்சக்குரலும் அவரே. தட்டில் போட ஒரு குழுப் பெயர் வேண்டுமே? அந்த நாளில் தொலைக்காட்சியில் ஓடிய ஆஸ்திரேலியத் துப்பறியும் தொடர் ஒன்றின் நாயகன் பெயர் போனி. அதோடு ஓர் ‘எம்’ சேர்த்துக்கொண்டார். பாட்டு நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் ஓடத் தொடங்கியது. டிவிக்காரர்கள் குழுவைக் கூப்பிட்டார்கள். குழு என்று ஒன்று இல்லவே இல்லை.

அதன் பிறகுதான் ஆட்களைத் தேடினார்கள். ஜமைக்காவில் பிறந்து பிரிட்டனில் வளர்ந்த லிஸ் மிட்செல், மார்சியா பாரெட். மான்ட்செராட் தீவிலிருந்து வந்த மேஸி வில்லியம்ஸ். கரீபியனில் அரூபா தீவைச் சேர்ந்த பாபி ஃபாரெல். ஃபாரெல் பதினைந்து வயதில் ஊரைவிட்டுக் கப்பல் வேலைக்குப் போனவர், நார்வே, நெதர்லாந்து என்று அலைந்து ஜெர்மனிக்கு வந்து டிஸ்கோ கூடங்களில் தட்டு ஓட்டிக்கொண்டிருந்தவர். இந்த நால்வரில் பதிவுக்கூடத்தில் பாடியது லிஸ் மிட்செலும் மார்சியா பாரெட்டும்தான். ஆண் குரல் ஃபாரியனுடையது. மேஸியும் பாபியும் மேடைக்கும் திரைக்கும். ஏற்பாடு தொடக்கத்திலிருந்தே இதுதான்.

ஃபாரியனுக்குக் கதைப்பாட்டில் ஒரு பிடிப்பு இருந்தது. ‘ராஸ்புடி’னுக்கு முந்தின ஆண்டு, 1977-ல், ‘மா பேக்கர்’ வந்தது. 1930-களில் அமெரிக்கப் போலீசார் தேடிய பார்க்கர் குடும்பத்துக் கொள்ளையர்களின் தாயைப் பற்றியது. பார்க்கர் என்ற பெயர் பாட்டில் சரியாக உட்காராததால் பேக்கர் ஆக்கினார்கள். மெட்டு துனிசியாவின் ‘சிதி மன்சூர்’ என்ற பழைய பாட்டிலிருந்து வந்தது. அமெரிக்கக் கொள்ளைக்காரிக்குத் துனிசிய மெட்டு, ஜெர்மன் தயாரிப்பு, ஜமைக்காக் குரல்! இதே கூட்டணிதான், ஃபாரியன், ஜார்ஜ் ரெயம், ஆஸ்திரியாவில் பிறந்த பாடலாசிரியர் ஃபிரெட் ஜே என்று மூவரும் சேர்ந்து, அடுத்த ஆண்டு ‘ராஸ்புடி’னையும் எழுதினார்கள்.

நம்மூரில் ஒரு காலத்தில் கொலைச்சிந்து என்று ஒரு வகை இருந்தது. எங்காவது ஒரு பெரிய கொலை நடந்தால் அதைச் சிந்து மெட்டில் கட்டி, மட்டமான தாளில் அச்சடித்து, சந்தையிலும் ரயிலிலும் பாடிக்காட்டிச் சில்லறைக் காசுக்கு விற்பார்கள். கொன்றது யார், எப்படி, எந்த ஊர் என்று எல்லாம் இருக்கும். விசாரணை அறிக்கையில் இருப்பதுபோல இருக்காது, ஊர் பேசிக்கொண்டது போல இருக்கும். ‘ராஸ்புடின்’ என் காதுக்கு ஒரு கொலைச்சிந்தாகத்தான் கேட்கிறது. அதில் சரித்திரப் பிழை தேடுவதைவிட, எந்தக் காலத்து ஊர்ப்பேச்சு அதில் அப்படியே தங்கியிருக்கிறது என்று பார்ப்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முதலில் பாட்டைக் கேட்போம். ‘நைட்ஃப்ளைட் டு வீனஸ்’ என்ற இசைத்தட்டில் இது தனியாகத் தொடங்குவதில்லை. முதல் பாட்டின் தாளம் அறுபடாமல் ஓடிவந்து இதற்குள் விழுகிறது. மேளம் மட்டும் கொஞ்ச நேரம். பிறகு ரஷ்யத் தந்தி வாத்தியமான பாலலைக்காவை நினைவூட்டுகிற ஒலி, கூடவே ஹே ஹே என்ற அதட்டல். யாரும் வாயைத் திறந்து ஒரு சொல் சொல்வதற்கு முன்பே நாம் எந்த நாட்டில் நிற்கிறோம் என்று தெரிந்துவிடுகிறது. கதையைச் சொல்வது பெண் குரல்கள். ஒருத்தி தனியாக அழுது பாடுவதில்லை, எல்லாக் குரலும் ஒன்றாக, குழாயடியில் நாலு பேர் கூடி ஒரு ஆளைப் பற்றிப் பேசுகிற உற்சாகத்தோடு பாடுகின்றன.

இரண்டு சரணம் வரை ஆளின் ஆட்டமும் அதிகாரமும்தான். அதற்குப் பிறகு பாட்டு ஒரு காரியம் செய்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது அது. மெட்டு விலகிக்கொள்கிறது, தாளம் மட்டும் தங்குகிறது. ஓர் ஆண் குரல் செய்தி வாசிக்கிற தொனியில், இந்த ஆளின் குடியும் காமமும் பதவி வெறியும் வெளியே தெரியத் தெரிய, ஏதாவது செய்தாக வேண்டும் என்ற கூச்சல் ஏறிக்கொண்டே போனது என்று அறிவிக்கிறது. பேசியவர் அப்போது ஜெர்மனியில் பணியில் இருந்த அமெரிக்கப் படைவீரர் ஒருவர். பாட்டுக்குள் திடீரென்று வானொலிச் செய்தி புகுந்த மாதிரி இருக்கும். அதுவரை கிசுகிசுவாக இருந்தது அந்த நொடியிலிருந்து வழக்கு ஆகிவிடுகிறது. கூடத்தில் ஆடுகிறவர்களுக்கோ தாளம் ஒரு நொடிகூட நிற்கவில்லை. கதையை வேறு திசைக்குத் திருப்பியாயிற்று, ஆடுகிற கால் தடுக்கவும் இல்லை. டிஸ்கோவில் கதை சொல்வதன் முழுக் கஷ்டமும் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. கதைக்கு நிறுத்தங்கள் வேண்டும், டிஸ்கோவுக்கு நிறுத்தமே ஆகாது. மெட்டை எடுத்துவிட்டுத் தாளத்தை விட்டுவைத்ததால் இரண்டும் நடந்தன.

கடைசிப் பல்லவியும் அப்படித்தான். அதுவரை காதல் மன்னன் என்று கொண்டாடிய அதே மெட்டில், வார்த்தையை மட்டும் மாற்றி விஷத்தையும் துப்பாக்கியையும் வைத்துவிட்டார்கள். சோகமாக்க ஒரு சுரத்தைக்கூடத் தாழ்த்தவில்லை. முடிவில், ரஷ்யர்களே இப்படித்தானப்பா என்கிற பெருமூச்சுடன் ஒரு பேச்சு வரி. பாட்டு முடிந்தது.

சரி, அந்த ஆள் யார்? கிரிகோரி ராஸ்புடின் 1869-ல் சைபீரியாவில் போக்ரோவ்ஸ்கோயே என்ற கிராமத்தில் பிறந்த குடியானவர். திருத்தலம் திருத்தலமாக நடந்து, பிரார்த்தனையால் நோய் தீர்ப்பவர் என்ற பெயரோடு தலைநகருக்கு வந்தார். ஜார் இரண்டாம் நிக்கலஸின் ஒரே மகன் அலெக்ஸிக்கு ரத்தம் உறையாத நோய். சின்ன அடி பட்டாலே உயிருக்கு ஆபத்து. 1912-ல் பிள்ளை பிழைக்காது என்ற நிலை வந்தபோது, ராஸ்புடின் தன் ஊரிலிருந்து தந்தி கொடுத்தார்: குழந்தை சாகாது, டாக்டர்கள் அவனை ரொம்பப் படுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. பிள்ளை பிழைத்தான். அதன்பின் அலெக்ஸாண்ட்ரா அரசியின் நம்பிக்கையை யாராலும் அசைக்க முடியவில்லை.

இதில் முக்கியமான விஷயம், பட்டத்து இளவரசனின் நோயை அரண்மனை வெளியே சொல்லவில்லை. ஒரு அழுக்குச் சட்டைக் குடியானவன் அரண்மனைக்குள் ஏன் போய்வருகிறான் என்று ஊருக்குக் காரணம் தெரியாது. காரணம் தெரியாத இடத்தை ஊர் தனக்குத் தெரிந்த காரணத்தால் நிரப்பியது. அரசிக்கும் அவனுக்கும் தொடர்பு என்றார்கள். 1915-ல் ஜார் போர்முனைக்குப் போய்ப் படைத் தலைமையை எடுத்துக்கொண்டதும், நாட்டை ஆள்வது அரசியும் சாமியாரும்தான் என்றார்கள். அரசி பிறப்பால் ஜெர்மன்காரி, போரோ ஜெர்மனியோடு. வதந்திக்கு வேறென்ன வேண்டும்? அவர்களுக்குள் காதல் இருந்ததற்கு ஆதாரமே இல்லை. ஆனால் தலைநகர் பெட்ரோகிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) ஆபாசக் கேலிச்சித்திரங்கள் சுற்றின. பாட்டின் பல்லவி அந்தக் கேலிச்சித்திரங்களின் நேர் வாரிசு. ஆச்சரியம் என்னவென்றால், மகனைக் குணப்படுத்துவான் என்றுதான் அரசி அவனை நம்பினாள் என்ற உண்மையையும் பாட்டு இரண்டே வரியில் சொல்லிவிட்டுப் போகிறது. கேட்கிறவர்கள்தான் அதைத் தாண்டிப் பல்லவிக்கு ஓடிவிடுகிறோம்.

கொலை நடந்தது 1916 டிசம்பர் 30 அதிகாலை, பெட்ரோகிராடின் மொய்கா ஆற்றங்கரையில் இளவரசர் ஃபெலிக்ஸ் யூசுபோவின் மாளிகையில். ரஷ்யாவின் பழைய நாட்காட்டிப்படி டிசம்பர் 17. ஜாரின் நெருங்கிய உறவினரான டிமித்ரி பாவ்லோவிச்சும், புரிஷ்கேவிச் என்ற நாடாளுமன்ற உறுப்பினரும் உடன் இருந்தார்கள். விஷம் வேலை செய்யவில்லை, சுட்டும் எழுந்துவந்தான் என்ற கதை பெரும்பாலும் யூசுபோவ் பின்னாளில் எழுதியது. உடலைச் சோதித்தபோது விஷத்துக்குத் தெளிவான அடையாளம் இல்லை. நெற்றியில் பாய்ந்தது உட்பட குண்டுக் காயங்கள்தான் இருந்தன. ஆனால் விருந்துக்கு அழைத்து ஒருவனைச் சுட்டேன் என்று எழுதினால் கொலைகாரன். சாகவே சாகாத ஒரு பேயைக் கொன்றேன் என்று எழுதினால் வீரன். பாட்டு யூசுபோவின் கதையை அப்படியே வாங்கிக்கொண்டது. பொறி வைத்தவர்கள் மேல் பழி இல்லை என்று ஒரு வரியே இருக்கிறது. துள்ளல் தாளத்தில் அதைக் கவனிக்காமல் கடந்துவிடுவோம். கவனித்தால், இது கொன்றவர்கள் பக்கத்துச் சிந்து.

யூசுபோவ் குடும்பத்தால் நமக்குத் தினமும் கண்ணில் படுகிற ஒரு சொத்து கிடைத்திருக்கிறது. 1932-ல் எம்ஜிஎம் நிறுவனம் ராஸ்புடின் பற்றி ஒரு படம் எடுத்தது. அதில் சாமியாரிடம் மானம் இழக்கிற இளவரசி தன்னைத்தான் குறிக்கிறாள் என்று யூசுபோவின் மனைவி இரினா லண்டனில் வழக்குப் போட்டு, 1934-ல் 25,000 பவுண்டு நஷ்டஈடு வாங்கினார். அதிலிருந்துதான், வரும் பாத்திரங்கள் யாவும் கற்பனையே, யாரையும் குறிப்பிடுவன அல்ல என்று படத் தொடக்கத்தில் போடும் பழக்கம் ஹாலிவுட்டில் வேரூன்றியது. நம் தியேட்டரில் படம் தொடங்கும் முன் வருகிற அந்த அட்டைக்கு மூலம் இந்தச் சாமியார்.

மறுபக்கத்துக்கும் ஒரு குரல் இருந்தது. ராஸ்புடினின் மகள் மரியா. புரட்சிக்குப் பின் நாட்டைவிட்டு ஓடி, பிழைப்புக்காகக் கேளிக்கை விடுதிகளில் ஆடினார், அமெரிக்க சர்க்கஸில் மிருகங்களோடு நின்றார். தன் தந்தையைக் கொன்றதைப் பெருமையாக எழுதிய யூசுபோவ்மேல் 1928-ல் பாரிஸில் வழக்குப் போட்டார். ரஷ்யாவில் நடந்த அரசியல் கொலையை விசாரிக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. தந்தையை நியாயப்படுத்திப் புத்தகங்கள் எழுதினார். 1977-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் இறந்தார். பாட்டு வந்தது அடுத்த ஆண்டு. அவர் அதைக் கேட்க நேரவில்லை என்பதில் எனக்கு ஒரு நிம்மதி.

மெட்டுக்கும் ஒரு வழக்கு உண்டு, நீதிமன்றத்துக்குப் போகாத வழக்கு. சரணத்தின் மெட்டு ‘உஸ்குதார்’ என்று அறியப்படும் பழைய துருக்கிப் பாட்டை ஒத்திருக்கிறது என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். குழுவினர் மறுத்தார்கள். அந்தத் துருக்கிப் பாட்டு சும்மா இல்லை, பல்கேரியா, கிரீஸ், செர்பியா என்று எங்கும் இது எங்கள் பாட்டு என்று உரிமை கொண்டாடுகிறார்கள். காஜி நஸ்ருல் இஸ்லாம் வங்காளியில்கூட அந்த மெட்டுக்குப் பாட்டு எழுதியிருக்கிறார். 1953-ல் அமெரிக்கப் பாடகி எர்தா கிட் அதைப் பாடியபோது, துருக்கியர்களைச் செல்லமாக நொந்துகொள்கிற ஒரு பேச்சு வரியை வைத்தார். போனி எம் பாட்டின் கடைசியில் ரஷ்யர்களைப் பற்றி வருகிறதே, கிட்டத்தட்ட அதே வாக்கியம், நாட்டின் பெயர் மட்டும் வேறு. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். மெட்டைப் பற்றிய மறுப்பை ஒருவேளை ஏற்கலாம், அந்தக் கடைசி வரிக்குப் பிறகு எனக்கு அந்த வீட்டுக்குள் துருக்கிப் பாட்டு வந்துபோகவில்லை என்று நம்ப முடியவில்லை.

பாட்டு ஜெர்மனியிலும் ஆஸ்திரேலியாவிலும் முதலிடம், பிரிட்டனில் இரண்டாமிடம். போனி எம்முக்கு அந்த 1978 பொன்னான ஆண்டு. ‘ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்’ ஒருபக்கம், கிறிஸ்துமஸுக்கு ‘மேரிஸ் பாய் சைல்ட்’ இன்னொரு பக்கம், இரண்டும் பிரிட்டனில் முதலிடம். அமெரிக்காவில் மட்டும் இந்தக் குழு பெரிதாக எடுபடவில்லை. சோவியத் ஒன்றியத்தில் எடுபட்டது. டிசம்பரில் அவர்களை மாஸ்கோவுக்கே அழைத்தார்கள். பனிபெய்த செஞ்சதுக்கத்தில் நால்வரும் நிற்கும் படங்கள் இன்றும் கிடைக்கின்றன. ஒரே நிபந்தனை, ‘ராஸ்புடின்’ பாடக்கூடாது. அரசு இசைத்தட்டு நிறுவனமான மெலோதியா அந்தத் தட்டை வெளியிட்டபோதும் இந்த ஒரு பாட்டை உருவிவிட்டுத்தான் வெளியிட்டது. ரஷ்யாவைப் பற்றிய பாட்டு ரஷ்யாவில் மட்டும் கிடையாது. அடுத்த ஆண்டு போலந்தில், சோபோட் நகரத்து மேடையில், வேண்டாம் என்று அதிகாரிகள் சொல்லியும் பாடிவிட்டார்கள்.

இப்போது பாபி ஃபாரெலுக்கு வருகிறேன்.

அந்தக் காலத்துத் தொலைக்காட்சிப் பதிவு எதையாவது எடுத்துப் பாருங்கள், முதல் தடவை ஒலியை முழுக்க அணைத்துவிட்டு. மூன்று பெண்களும் வரிசையில் நின்று அளவாக அசைகிறார்கள். ஃபாரெல் அந்த வரிசைக்கு அடங்குவதே இல்லை. மார்பு திறந்த உடை, சிலிர்த்து நிற்கும் தலைமுடி. குந்தி உட்கார்ந்து காலை முன்னே முன்னே உதறுகிற ரஷ்யக் கொசாக் வீரர்களின் ஆட்டத்தை ஆடுகிறார். எழுந்து பம்பரமாகச் சுழல்கிறார். முதுகு வில்லாக வளைகிறது, கண் உருள்கிறது. விஷம் வருகிற இடத்தில் உடம்பு துவண்டு, திரும்ப நிமிர்கிறது. ஒலியே இல்லாமல் கதை புரிகிறது. ஆங்கிலம் தெரியாதவனுக்கும் புரிகிறது. கவர்ச்சி, அதிகாரம், குடி, சாவு என்று நாலையும் ஓர் ஆள் உடம்பால் சொல்லிவிடுகிறார். பாட்டின் வரிகள் ராஸ்புடினைப் பற்றி வெளியே நின்று பேசுகின்றன. ஃபாரெல் ராஸ்புடினாகவே வந்து நிற்கிறார். கொலைகாரர்கள் சொன்ன கதையில், கொல்லப்பட்டவனுக்கு ஓர் உடம்பும் உயிரும் கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

அவர் பாடவில்லை என்று தெரியவந்தபோது ஐரோப்பியப் பத்திரிகைகளுக்கு அது ஒரு மோசடி. ஆண் குரல் என்னுடையதுதான் என்று ஃபாரியனே ஒப்புக்கொண்டார். அதிலிருந்து ஃபாரெல் பெயரோடு ‘சும்மா வாயசைத்தவர்’ என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டது.

நம் கண்ணுக்கு இது எப்படித் தெரியும்? டி.எம்.சௌந்தரராஜன் பாடுவார், சிவாஜி உதடு அசைப்பார். அதே சௌந்தரராஜன் எம்ஜிஆருக்குப் பாடும்போது குரலின் கனத்தையே மாற்றிக்கொள்வார். கழுத்து நரம்பு புடைக்க சிவாஜி நிற்பதைப் பார்த்து, பாடாதவர் ஏன் நரம்பு புடைக்க நிற்கிறார் என்று நம்மில் யாரும் கேட்டதில்லை. அந்த நரம்புக்கும் சேர்த்துத்தான் டிக்கெட் வாங்கினோம். கோயில் கொடையில் ரெக்கார்ட் டான்ஸ் ஆடுகிறவர்களிடம் நீ பாடினாயா என்று யார் கேட்டார்கள்? குரல் ஒரு கலைஞர், உடம்பு இன்னொரு கலைஞர், இரண்டும் சேர்ந்தால் ஒரு பாத்திரம். இந்தப் பாடம் நமக்குப் பாலோடு ஊட்டப்பட்டது.

ஒரு வித்தியாசம் உண்டு, அதை மறைத்துவிட்டுப் பேசினால் நியாயம் ஆகாது. நம்மிடம் சௌந்தரராஜன் பெயர் இசைத்தட்டில் இருந்தது, வானொலி அறிவிப்பாளர் வாயில் இருந்தது. சிவாஜியும் தெரியும், பாடியவரையும் தெரியும். ஃபாரியன் செய்த ஏற்பாட்டில் நால்வரும் பாடுவதாக உலகம் நம்பும்படி விட்டுவிட்டார். வாயசைப்பு தவறில்லை, யார் குரல் என்று சொல்லாதது தவறு. அந்தத் தவறின் பலனை அனுபவித்தது சொல்லாமல் விட்டவர் அல்ல, ஆடியவர். பத்து ஆண்டு கழித்து ஃபாரியன் மில்லி வனில்லி என்ற இரட்டையரை வைத்து இதையே திரும்பச் செய்தார். 1990-ல் குட்டு வெளிப்பட்டு, கிராமி விருதைப் பிடுங்கிக்கொண்டார்கள். தெருவில் கேலிக்கு ஆளானவர்கள் முன்னால் நின்று ஆடிய அந்த இரண்டு இளைஞர்கள். அவர்களில் ஒருவர் 1998-ல் இறந்தே போனார். ஃபாரியன் தொடர்ந்து தயாரிப்பாளராக இருந்தார், 2024 ஜனவரியில் காலமானார். ஒலியைச் செதுக்குவதில் அவர் மேதை, அதில் சந்தேகமே இல்லை. ஆடியவர்களுக்கு அவர் பட்ட கடனும் பெரிது. அதைத் திருப்பித் தந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஃபாரெலை 1981-ல் குழுவிலிருந்து நீக்கினார்கள். அவர் இடத்துக்கு நல்ல பாடகர் ஒருவரையே கொண்டுவந்தார்கள். பழைய ஈர்ப்பு திரும்பவில்லை. பாடத் தெரிந்த ஆளைவிட அந்த ஆடத் தெரிந்த ஆள்தான் வேண்டியிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். 1984-ல் ஃபாரெல் திரும்பினார், 1986-ல் குழு கலைந்தது. அதன் பிறகு அவர் தன் பெயரில் ஒரு போனி எம்மை வைத்துக்கொண்டு ஊர் ஊராக ஆடினார். இடுப்பும் முழங்காலும் முன்போல வளையாத வயதிலும் ‘ராஸ்புடின்’ இல்லாமல் நிகழ்ச்சியை முடிக்க முடியாது. 2010 டிசம்பர் 29 இரவு ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் ஆடினார். மறுநாள் காலை விடுதி அறையில் இறந்து கிடந்தார். வயது 61. ராஸ்புடின் கொல்லப்பட்டது அதே ஊரில், அதே டிசம்பர் 30-ல். இந்தத் தேதிப் பொருத்தத்தை எல்லோரும் அமானுஷ்யக் கதையாக்கிவிட்டார்கள். எனக்கு அதில் மனம் போகவில்லை. மூச்சுவிடச் சிரமம் என்று சொல்லிக்கொண்டே முந்தின இரவு மேடை ஏறினாரே, அந்த உழைப்புத்தான் என்னைத் தொடுகிறது.

அவர் இறந்த அதே ஆண்டில்தான் பாட்டுக்கு அடுத்த பிறவி தொடங்கியது. ‘ஜஸ்ட் டான்ஸ் 2’ என்ற வீடியோ விளையாட்டில் ‘ராஸ்புடின்’ இடம்பெற்றது. திரையில் வரும் உருவம் ஆடுவதைப் பார்த்து அப்படியே ஆட வேண்டும். போனி எம் என்ற பெயரைக் கேட்டிராத பிள்ளைகள் வீட்டுக் கூடத்தில் கொசாக் ஆட்டம் ஆடினார்கள். 2012-ல் ‘ஏஜென்ட் வினோத்’ இந்திப் படத்தில் அந்த மெட்டு எட்டிப்பார்த்தது. 2021-ல் மெஜஸ்டிக் என்ற பிரிட்டிஷ் டிஜே செய்த மறுகலவை பிரிட்டன் பட்டியலில் 11-ம் இடம் வரை போனது. கைபேசியில் அரை நிமிட ஆட்டங்களாகப் பெருகியது. கவனித்தீர்களா, இத்தனை பேரில் யாரும் இதைப் பாடிக்காட்டிப் புகழ்பெறவில்லை. எல்லோரும் ஆடினார்கள். பாட்டின் வாரிசுரிமை பாடியவரின் வழியில் வராமல் ஃபாரெலின் வழியில்தான் வந்துகொண்டிருக்கிறது.

அந்த வரிசையில் எனக்கு மிக நெருக்கமானது நமக்குப் பக்கத்தில் நடந்தது. 2021 ஏப்ரலில், திருச்சூர் அரசு மருத்துவக் கல்லூரி மாணவர்கள் இருவர், ஒரு பெண்ணும் ஒரு பையனும், அறுவை அரங்கு உடையிலேயே ஆஸ்பத்திரி வராந்தாவில் இந்தப் பாட்டுக்கு ஆடி ஒரு சிறு காணொளி போட்டார்கள். அரை நிமிடம் இருக்கும். கொரோனா காலத்தில் களைத்துப்போயிருந்த ஊருக்கு அது அவ்வளவு பிடித்துப்போனது. நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் பரவியது. உடனே ஒரு வழக்கறிஞர் முகநூலில் எழுதினார்: பெண்ணின் பெயரைப் பாருங்கள், பையனின் பெயரைப் பாருங்கள், இரண்டும் வேறு வேறு மதம், பெண்ணைப் பெற்றவர்கள் ஜாக்கிரதை என்று.

நூறு ஆண்டுக்கு முன் பெட்ரோகிராடில் ஓர் ஆணையும் பெண்ணையும் ஒன்றாகப் பார்த்து ஊர் எதைக் கட்டிச் சொன்னதோ, அதே வேலை, அந்தப் பாட்டுக்கு ஆடியவர்கள் மேலேயே. இந்தத் தடவை அது பலிக்கவில்லை. அதே கல்லூரி மாணவர்கள் கூட்டமாகச் சேர்ந்து அதே பாட்டுக்கு ஆடிப் பதில் காணொளி வெளியிட்டார்கள். வேறு கல்லூரிகளிலும் ஆடினார்கள். கொச்சியில் ஒரு மாணவர் அமைப்பு இதே பாட்டுக்கு ஆட்டப்போட்டியே அறிவித்தது. ஆடிய இருவரும் பயந்து ஒதுங்காமல், தொடர்ந்து ஆடுவோம் என்றார்கள், ஆடவும் செய்தார்கள்.

இதைப் படித்து முடித்ததும் அந்தத் திருச்சூர் காணொளியையும், ஃபாரெல் ஆடிய 1978-ம் ஆண்டுப் பதிவு ஒன்றையும் அடுத்தடுத்துப் பாருங்கள். இரண்டாவதை ஒலி இல்லாமல் ஒரு முறை, ஒலியோடு ஒரு முறை.